ஃபாரின் கிளம்பறீங்களா? ஹெல்த் இன்ஷூரன்ஸ் கணக்கைப் போட்டுட்டுக் கிளம்புங்க!

ஒரு காலத்தில் டி.ஐ. சைக்கிள், டன்லப் என்று கம்பெனிச் சங்கு கேட்டு எழுந்த ஊர் அம்பத்தூர். டாங்க் ஃபாக்டரி ஷிஃப்ட்டை வைத்து மணி சொன்ன ஊர் ஆவடி. இன்று அதே தெருக்களில், ‘பையன் டல்லாஸ்ல இருக்கான்’, ‘பொண்ணு துபாய்ல செட்டில் ஆயிட்டா’ என்ற பேச்சு சர்வசாதாரணம். பூந்தமல்லி வரை இதே கதைதான்.

வெளிநாட்டுப் பயணம் என்றால் நம் வீடுகளில் எல்லாம் கச்சிதமாக நடக்கும். சூட்கேஸை எடை மெஷினில் ஏற்றி 23 கிலோ தாண்டாமல் பார்த்துக்கொள்வோம். பருப்புப்பொடி, வத்தக்குழம்பு மிக்ஸ், குக்கர் கேஸ்கட் வரைக்கும் லிஸ்ட் போடுவோம். இன்ஷூரன்ஸ் என்றால் மட்டும், ‘அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம்.

அந்த ஒரு வரிதான் பிறகு பல லட்சங்களில் போய் முடிகிறது! ஒவ்வொரு நாட்டிலும் வைத்தியச் செலவு வேறு, அதை யார் ஏற்பது என்ற சட்டம் வேறு. பாலிசியில் எழுதியிருப்பது என்ன, நம் கையிலிருந்து போவது எவ்வளவு என்பதை இங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடலாம். ப்ளஸ் டூ கணக்குகூட வேண்டாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

இங்கே உள்ள கார்டு அங்கே செல்லுமா?

முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் வீட்டு பீரோவில் இருக்கும் கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

இ.எஸ்.ஐ. கார்டு: எஸ்டேட்டில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு உள்ளது. சம்பளத்தில் 0.75 சதவிகிதம் தொழிலாளியும், 3.25 சதவிகிதம் முதலாளியும் கட்டுகிறார்கள். அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கும். ஆனால், வேலையை விட்டுவிட்டால், கட்டிய சந்தாவுக்கு உரிய காலம் முடிந்ததும் சலுகை நின்றுவிடும்.

சி.ஜி.ஹெச்.எஸ். கார்டு: மத்திய அரசு ஊழியர்கள், பென்ஷன்தாரர்களுக்கானது. ஆவடி ஃபாக்டரிகளில் ஓய்வு பெற்ற பலரிடம் இருக்கும். இந்தக் கார்டை நியூஜெர்ஸி ஆஸ்பத்திரி கவுண்டரில் நீட்ட முடியாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டக் கார்டு: திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் மட்டும் செல்லும்.

ஐ.டி. கம்பெனி குரூப் பாலிசி: நம் ஊரில் பல கம்பெனிகள் ஊழியரோடு சேர்த்து அப்பா, அம்மாவையும் பாலிசியில் சேர்த்துக்கொள்கின்றன. வேலையை ராஜினாமா செய்து வெளிநாட்டு வேலைக்குப் போகும் அன்றோடு அந்தப் பாதுகாப்பு போய்விடும், அப்பா அம்மாவுக்கும் சேர்த்து! நிறைய வீடுகளில் இது கவனத்துக்கே வருவதில்லை.

தனியாக எடுத்த ‘மெடிக்ளைம்’: 1986-ல் இந்தியாவில் அறிமுகமான வகை. பெரும்பாலான பாலிசிகள் இந்தியாவுக்குள் நடக்கும் வைத்தியத்துக்கு மட்டும்தான் பணம் தரும். சில பாலிசிகளில் உலகளாவிய பாதுகாப்பு உண்டு. அப்படி இருந்தால், எந்த நாடுகள், எந்தெந்த நோய்கள், முன் அனுமதி வேண்டுமா என்று பாலிசி புத்தகத்தில் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆக, விமானம் ஏறியதும் இவற்றில் பெரும்பாலானவை வெறும் பிளாஸ்டிக் அட்டைதான். போகிற இடத்தில் புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

பிரீமியம் வேறு... செலவு வேறு!

நம் ஊரில் பாலிசி எடுக்கும்போது இரண்டு எண்களைத்தான் பார்ப்போம். ‘பிரீமியம் எவ்வளவு? எத்தனை லட்சத்துக்கு?’ வெளிநாட்டில், முக்கியமாக அமெரிக்காவில், இந்த இரண்டையும் வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அங்கே ஐந்து வார்த்தைகள் தெரிந்திருக்க வேண்டும்.

1. பிரீமியம்: நோய் வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் கட்டுவது. சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

2. டிடக்டிபிள்: வருடத்தில் முதலில் வரும் இவ்வளவு டாலர் செலவு நம்முடையது என்று ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் கம்பெனி கையைப் பர்ஸுக்குள் விடும்.

3. கோ-பே: ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும், மருந்து வாங்கும்போதும் கட்டும் நிர்ணயித்த தொகை. கிளினிக் டோக்கன் கட்டணம் போல.

4. கோ-இன்ஷூரன்ஸ்: டிடக்டிபிள் தாண்டிய பிறகு வரும் பில்லில் நம் பங்கு. ‘20 சதவிகிதம்’ என்றால் நூறு டாலரில் இருபது நம்முடையது.

5. கைச்செலவு உச்சவரம்பு (அங்கே ‘அவுட் ஆஃப் பாக்கெட் மேக்ஸிமம்’ என்பார்கள்): ஒரு வருடத்தில் நம் கையிலிருந்து போகக்கூடிய அதிகபட்சத் தொகை. இதைத் தொட்டுவிட்டால் மீதி முழுவதும் கம்பெனியைச் சேர்ந்தது. பிரீமியம் இதில் சேராது.

ஐந்தில் மிக முக்கியமானது ஐந்தாவதுதான். ஆனால் அதைத்தான் யாரும் கேட்பதில்லை!

அமெரிக்காவின் 2010-ம் வருடச் சட்டம் இந்த உச்சவரம்புக்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறது. 2025-ம் வருடத்துக்கு அது தனிநபருக்கு 9,200 டாலர், குடும்பத்துக்கு 18,400 டாலர். வருடா வருடம் மாறும். இதற்குக் கீழே எந்தத் தொகையையும் கம்பெனி வைக்கலாம்.

சின்னதாக ஒரு கணக்கு

பையனுக்கு வேலை கிடைத்த கம்பெனி இரண்டு பாலிசிகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். (எண்கள் கணக்குக்காக மட்டும்.)

பாலிசி ‘அ’: மாதம் 100 டாலர். டிடக்டிபிள் 4,000. உச்சவரம்பு 8,000.

பாலிசி ‘ஆ’: மாதம் 350 டாலர். டிடக்டிபிள் 500. உச்சவரம்பு 3,000.

இரண்டிலும் கோ-இன்ஷூரன்ஸ் 20 சதவிகிதம்.

ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத வருடம்: ‘அ’வில் செலவு 1,200 டாலர். ‘ஆ’வில் 4,200 டாலர். ‘அ’தான் லாபம்.

மருமகளுக்குப் பிரசவம், பில் 20,000 டாலர் வந்த வருடம்: ‘அ’வில் முதல் 4,000 நம்முடையது. மீதி 16,000-ல் இருபது சதவிகிதம் 3,200. ஆக 7,200. பிரீமியம் 1,200 சேர்த்தால் 8,400 டாலர். ‘ஆ’வில் முதல் 500. மீதி 19,500-ல் இருபது சதவிகிதம் 3,900. கூட்டினால் 4,400 வருகிறது. ஆனால் உச்சவரம்பு 3,000-தான், அதற்கு மேல் கேட்க முடியாது. பிரீமியம் 4,200 சேர்த்து 7,200 டாலர். இந்த வருடம் ‘ஆ’தான் லாபம், 1,200 டாலர் மிச்சம்.

பெரிய விபத்து, பில் லட்சம் டாலரைத் தாண்டிய வருடம்: ‘அ’வில் 9,200. ‘ஆ’வில் 7,200.

பார்த்தீர்களா? ‘பிரீமியம் கம்மி’ என்று சந்தோஷப்பட்டு எடுத்த பாலிசி, நோய் வந்த வருடத்தில் கூடுதல் செலவு வைக்கிறது. எந்தப் பாலிசியைக் காட்டினாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். ‘வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், அந்த வருடம் என் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும்?’ பிரீமியத்தையும் உச்சவரம்பையும் கூட்டினால் பதில் கிடைத்துவிடும். ஆரோக்கியமான இளம் வயதுக்காரர், கையில் கொஞ்சம் சேமிப்பும் உள்ளவர் என்றால் ‘அ’ சரி. குழந்தை பெற்றுக்கொள்ளும் திட்டம், தொடர் வைத்தியம் உள்ள வீடு என்றால் ‘ஆ’ நல்லது.

இன்னொன்று. இந்தக் கணக்கெல்லாம் ‘நெட்வொர்க்’கில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போனால்தான். பக்கத்துத் தெருவில் இருக்கிறதே என்று வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் கணக்கே தலைகீழாகிவிடும். அதேபோல், பல் வைத்தியமும் கண்ணாடியும் பெரும்பாலும் தனிப் பாலிசிகள்.

அங்கே ஏன் இவ்வளவு விலை?

அமெரிக்காவில் எல்லோருக்கும் பொதுவான ஒரே அரசுத் திட்டம் கிடையாது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மெடிகேர், வருமானம் குறைந்தவர்களுக்கு மெடிகெய்டு, மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கம்பெனி பாலிசி. ஆஸ்பத்திரிக் கட்டணமும் மருந்து விலையும் அதிகம் என்பதால் பிரீமியமும் அதிகம். ஒரு குடும்பத்துக்கான கம்பெனி பாலிசியின் சராசரி வருடப் பிரீமியம் 2024-ல் 25,572 டாலர்! ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்று குறைத்தே கணக்கிட்டாலும் 21 லட்ச ரூபாய்க்கு மேல். இதில் ஊழியர் பங்கு சராசரியாக 6,296 டாலர். மீதியைக் கம்பெனி கட்டுகிறது.

எனவே அமெரிக்க வேலைக்கான சம்பளக் கடிதம் வந்தால், வருடச் சம்பளத்தை மட்டும் ரூபாயாக மாற்றிப் பார்த்து மலைத்துப்போகாதீர்கள். குடும்பத்துக்கு பிரீமியத்தில் கம்பெனி பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஊழியருக்கு முழுதும் கட்டிவிட்டு, மனைவி குழந்தைகளுக்குப் பாதிகூடக் கட்டாத கம்பெனிகளும் உண்டு.

எந்த நாட்டில் என்ன வழக்கம்?

இங்கிலாந்து: அரசு மருத்துவ சேவைக்காக விசா விண்ணப்பத்தோடேயே ‘ஹெல்த் சர்சார்ஜ்’ கட்ட வேண்டும். 2015-ல் ஆரம்பித்தபோது வருடத்துக்கு 200 பவுண்டு. 2024 பிப்ரவரி 6 முதல் பெரியவர்களுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் மாணவர்களுக்கும் 776 பவுண்டு. மூன்று வருட விசாவில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் போனால் மொத்தம் 10,866 பவுண்டு. அதுவும் தவணையில்லாமல், முன்கூட்டியே! நர்ஸ் போன்றவர்கள் போகும் ‘ஹெல்த் அண்ட் கேர்’ விசாவுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. கட்டியபின் டாக்டர், ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் பணம் இல்லை. பல், கண்ணாடிக்குக் கட்டணம் உண்டு. இங்கிலாந்துப் பகுதியில் மருந்துச் சீட்டுக்கும் கட்டணம் உண்டு.

ஜெர்மனி: சம்பளத்தில் 14.6 சதவிகிதமும், அதோடு ஒரு கூடுதல் சந்தாவும். இரண்டிலும் பாதியை முதலாளி கட்டுவார். இதில் ஒரு நல்ல விஷயம், வேலைக்குப் போகாத மனைவிக்கும் குழந்தைகளுக்கும் அதே சந்தாவிலேயே பாதுகாப்பு.

கனடா: மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். பிரிட்டிஷ் கொலம்பியாவில், போய்ச் சேர்ந்த மாதத்தின் மீதி நாட்களும், அடுத்த இரண்டு மாதங்களும் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குத் தனிப் பாலிசி அவசியம். ஒன்டாரியோவில் இந்தக் காத்திருப்பு 2020-ல் எடுக்கப்பட்டுவிட்டது.

ஆஸ்திரேலியா: மாணவர்கள் விசாக் காலம் முழுவதுக்கும் ‘ஓவர்சீஸ் ஸ்டூடன்ட் ஹெல்த் கவர்’ எடுத்தாக வேண்டும். படிப்புக் கட்டணத்தைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர்: ‘ஒர்க் பெர்மிட்’, ‘எஸ் பாஸ்’ ஊழியர்களுக்கு முதலாளியே மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். 2023 ஜூலை 1 முதல் வருடத்துக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலர். அதற்கு முன் 15,000-தான் இருந்தது. ‘எம்ப்ளாய்மென்ட் பாஸ்’ வாங்கும் இன்ஜினீயர்களுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. அவர்கள் கம்பெனியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வளைகுடா: ஐ.டி.ஐ. முடித்து ஃபிட்டர், வெல்டர் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இது. துபாயில் ஊழியருக்கான இன்ஷூரன்ஸை முதலாளி எடுக்க வேண்டும். குடும்பத்தை அழைத்துப்போனால் அவர்களுக்கு எடுக்க வேண்டியது விசா ஸ்பான்ஸர் செய்பவர். ஷார்ஜா போன்ற மற்ற எமிரேட்டுகளில் 2025 ஜனவரி 1 முதல் தனியார் ஊழியர்களுக்குக் கட்டாயம். அங்கே அடிப்படைப் பாலிசி வருடத்துக்கு 320 திர்ஹாம். ஆனால் அடிப்படைப் பாலிசி என்றால் எல்லாமும் அடிப்படைதான். குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகள், பில்லில் நம் பங்கு, வருட உச்சத் தொகை எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘ஈ.சி.ஆர்.’ முத்திரை உள்ள பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்திய அரசின் ‘பிரவாசி பாரதீய பீமா யோஜனா’ கட்டாயம். 2017-ல் திருத்தப்பட்டபடி, இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய்தான் பிரீமியம். விபத்தில் மரணம், நிரந்தர ஊனம் என்றால் 10 லட்ச ரூபாய் வரை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு 1 லட்சம் வரை. ஏஜென்ட்டிடம் பாலிசிப் பிரதியைக் கேட்டு வாங்கி, ஒரு நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பாலிசி இருப்பதே வீட்டுக்குத் தெரியாவிட்டால் யார் போய்க் கேட்பது?

‘எனக்கெதுக்குடா இன்ஷூரன்ஸ்?’

மகளுக்குப் பிரசவம் பார்க்க, பேரனைக் குளிப்பாட்ட என்று ஆறு மாதம் அமெரிக்கா போகிற அம்மாக்கள் எல்லோரும் சொல்லும் வசனம் இது. ‘சுகர் மாத்திரை போட்டுக்கறேன், பி.பி. கன்ட்ரோல்ல இருக்கு. வீண் செலவு!’

முதலில் ஒரு விஷயம். நம் ஊர்க் கம்பெனி பாலிசியைப் போல, அமெரிக்கக் கம்பெனி பாலிசியில் அப்பா அம்மாவைச் சேர்க்க முடியாது. பொதுவாக மனைவி அல்லது கணவர், 26 வயது வரை பிள்ளைகள், அவ்வளவுதான். ‘பையன் பாலிசியில் போட்டுப்பான்’ என்று நம்பிப் போகாதீர்கள். தனியாக ‘விசிட்டர்’ பாலிசி அல்லது நம் ஊர்க் கம்பெனிகளின் ‘டிராவல்’ பாலிசி எடுத்தே ஆக வேண்டும்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

முன்பே உள்ள நோய்: அமெரிக்கச் சட்டப்படி அந்த ஊர் வழக்கமான பாலிசிகள், 2014 முதல், பழைய நோயைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. ஆனால் விசிட்டர் பாலிசிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது! சுகர், பி.பி., இதய நோய் இருந்தால் அவற்றால் வரும் செலவைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. சில பாலிசிகள் ‘பழைய நோய் திடீரென்று தீவிரமானால் மட்டும்’ ஒரு வரம்புக்குள் தரும். அந்த வாக்கியத்தைத் தேடிப் படியுங்கள். வழக்கமான செக்கப், மாத்திரை, டயாலிசிஸ் எல்லாம் அதில் வராது.

‘ஃபிக்ஸட்’டா, ‘காம்ப்ரிஹென்ஸிவ்’வா: முதல் வகையில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று அட்டவணை இருக்கும். உதாரணமாக, ஒரு நாள் அறைக்கு 1,500 டாலர் என்று போட்டிருந்து, பில் 5,000 வந்தால் 3,500 நம் தலையில்! பிரீமியம் மலிவாக இருப்பதன் ரகசியம் இதுதான். இரண்டாவது வகையில் டிடக்டிபிள் போக, பில்லில் பெரும் பகுதியைப் பாலிசித் தொகை வரை தருவார்கள். விலை கூடுதல், நிம்மதியும் கூடுதல்.

வயது: 60, 70, 80 என்று வயது ஏற ஏற பிரீமியம் ஏறும், கிடைக்கும் தொகை இறங்கும். 50,000 டாலர் என்று விளம்பரத்தில் இருந்தாலும் உங்கள் வயதுக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

மறைக்காதீர்கள்: விண்ணப்பத்தில் ‘சுகர் உண்டா?’ என்ற கேள்விக்கு, ‘இல்லைன்னே போடுங்க, பிரீமியம் குறையும்’ என்று ஏஜென்ட் சொன்னால், ஏஜென்ட்டை மாற்றுங்கள்! ஆஸ்பத்திரியில் முதல் ரத்தப் பரிசோதனையிலேயே உண்மை தெரிந்துவிடும். பிறகு முழு க்ளெய்மும் போய்விடும்.

அமெரிக்காவில் அவசரப் பிரிவுக்கு வந்தவரைப் பணமில்லை என்று பார்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986-ல் இருந்து சட்டம் இருக்கிறது. உயிரைக் காப்பாற்றுவார்கள். பில்லும் பின்னாலேயே வரும். அதைக் கட்டப்போவது அங்கே கடன் வாங்கி வீடு கட்டியிருக்கும் மகனோ, மகளோதான். அம்மாவுக்கு எடுக்கும் பாலிசி உண்மையில் பிள்ளைகளின் சேமிப்புக்கு எடுக்கும் பாலிசி!

மற்ற நாடுகள்: ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ பாதுகாப்பு இருந்தால்தான் விசாவே. கனடா ‘சூப்பர் விசா’வுக்கு ஒரு வருடத்துக்கு, குறைந்தது 1,00,000 கனடா டாலர் பாலிசி வேண்டும். இங்கிலாந்துக்கு ஆறு மாதத்துக்குள் விசிட்டராகப் போகும் பெற்றோர் சர்சார்ஜ் கட்ட வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால், அங்குள்ள அரசு ஆஸ்பத்திரிக் கட்டணத்தில் 150 சதவிகிதம் வசூலிப்பார்கள்.

இங்குள்ள பாலிசியை என்ன செய்வது?

‘அங்கேயே போறோம், இங்கே எதுக்கு பிரீமியம்?’ என்று பல வருடப் பாலிசியை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவசரப்படாதீர்கள்.

பாலிசியை விட்டுவிட்டு, ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வந்து புதிதாக எடுத்தால், வயது கூடியிருக்கும், சுகரும் சேர்ந்திருக்கலாம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டும். (2024-க்கு முன் இது நான்கு வருடம்.) தொடர்ந்து ஐந்து வருடம் கட்டிய பாலிசியில், மோசடி நிரூபணமானால் தவிர, ‘நோயைச் சொல்லவில்லை’ என்று கம்பெனி க்ளெய்மை மறுக்க முடியாது. இந்த உரிமையெல்லாம் தொடர்ந்து கட்டியவருக்குத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி.யும் நீக்கப்பட்டுவிட்டது. அந்த மட்டில் சுமையும் குறைவு.

ஊரிலேயே இருக்கும் அப்பா, அம்மா விஷயம் இன்னும் முக்கியம். பையன் ராஜினாமா செய்வதற்கு முன்பே, குரூப் பாலிசியிலிருந்து அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாற்ற முடியுமா என்று எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். மாற்றினால், காத்திருப்புக் காலத்தில் ஏற்கெனவே கழிந்தது கணக்கில் சேரும். கடைசி நாள் தாண்டிவிட்டால் கதவு மூடிவிடும். அறுபது தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் பிரீமியம் ஏற்ற வேண்டுமென்றால், 2025 ஜனவரி உத்தரவுப்படி, கம்பெனிகள் ஒழுங்குமுறை ஆணையத்திடம் முன் அனுமதி பெற வேண்டும். இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புமுன் ஒரு மாத வேலை

* பல், கண் வேலைகளை இங்கேயே முடித்துவிடுங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கண்ணாடி இரண்டு ஜோடி போட்டுக்கொள்ளுங்கள்.

* குழந்தைகளின் தடுப்பூசி அட்டையை டாக்டரிடம் கொடுத்து, தேதிகளோடு ஆங்கிலத்தில் சான்றிதழ் வாங்குங்கள். பள்ளியில் சேர்க்கக் கேட்பார்கள். இல்லாவிட்டால் மறுபடி ஊசி, மறுபடி செலவு.

* மாத்திரைகளுக்கு, பிராண்ட் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் எழுதிய சீட்டு வாங்குங்கள். அமெரிக்காவுக்கு மூன்று மாதத்துக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். வளைகுடா போகிறவர்கள் டிரமடால், கோடீன் போன்ற மருந்துகளை அனுமதியில்லாமல் எடுத்துப்போகவே கூடாது. சிறைக்குப் போகும் விஷயம்!

* பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, இ.சி.ஜி., கடைசி ரத்தப் பரிசோதனை எல்லாவற்றின் நகலையும் கைப்பையில் வையுங்கள்.

* பாலிசி எண்ணையும் 24 மணி நேர உதவி எண்ணையும் ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட்டோடு ஒன்று, பிள்ளைகளிடம் ஒன்று, ஊரில் ஒன்று.

* பாலிசி ஆரம்பத் தேதி விமானம் ஏறும் நாளாக இருக்கட்டும். புது வேலையில் பாலிசி என்றைக்குத் தொடங்குகிறது என்று கேளுங்கள். இடையில் வெற்று நாட்கள் இருந்தால் அவற்றுக்கும் டிராவல் பாலிசி எடுங்கள்.

அடிக்கடி எழும் சில சந்தேகங்கள்

மருமகள் மூன்று மாதக் கர்ப்பம். இப்போது அமெரிக்கா போனால் பிரசவச் செலவு பாலிசியில் வருமா?

மகனின் கம்பெனி பாலிசியில் அவர் சேர்க்கப்பட்டால், ஏற்கெனவே கர்ப்பம் என்பதற்காக மறுக்க முடியாது. வேலையில் சேர்ந்ததும் கம்பெனி சொல்லும் கெடுவுக்குள் பெயரைச் சேர்க்க வேண்டும். குழந்தை பிறந்ததும் 30 நாட்களுக்குள் குழந்தை பெயரையும் சேர்த்துவிட வேண்டும். விசிட்டர் பாலிசியை நம்பிப் பிரசவத்துக்குப் போகவே கூடாது.

அமெரிக்காவில் வேலை போய்விட்டால் பாலிசி என்ன ஆகும்?

‘கோப்ரா’ என்ற சட்டப்படி, 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கம்பெனி என்றால் பொதுவாக 18 மாதம் வரை அதே பாலிசியைத் தொடரலாம். ஆனால் கம்பெனி கட்டிய பங்கையும் சேர்த்து, முழுப் பிரீமியத்தில் 102 சதவிகிதம் வரை நாமே கட்ட வேண்டும். எனவே சில மாதப் பிரீமியத்தை எப்போதும் தனியாக எடுத்து வையுங்கள்.

எங்களுக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது. 65 வயதும் ஆகிவிட்டது. மெடிகேர் கிடைக்குமா?

அங்கே வேலை பார்த்து வரி கட்டாதவர்கள், தொடர்ந்து ஐந்து வருடம் வசித்த பிறகுதான் பிரீமியம் கட்டிச் சேர முடியும். அதுவரை அரசுச் சந்தையில் விற்கும் தனியார் பாலிசியைப் பார்க்க வேண்டும். அதில் பழைய நோய்க்காக மறுக்க மாட்டார்கள். பிரீமியம் எவ்வளவு என்று பையனை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள்.

துபாயில் கம்பெனி இன்ஷூரன்ஸ் பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கலாமா?

கூடாது. ஊழியரின் பிரீமியத்தை முதலாளியே ஏற்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். வேலை ஒப்பந்தத்தில் அப்படிப் பிடித்தம் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

இந்த வார ஞாயிற்றுக்கிழமை, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை போனில் பேசும்போது, ‘சாப்பிட்டியா?’ என்று கேட்ட கையோடு, ‘உன் பாலிசியில உச்சவரம்பு எவ்வளவு?’ என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியவில்லை என்றால், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்!